ஆர்க் மோட் டேங்கிள்: போறது ஈஸி, திரும்பி வர்றதுதான் பாடு

விளக்கத்தையும் கோடையும் ஒரே டாக்குமெண்ட்ல எழுதுற லிட்ரேட் புரோகிராமிங்ல டாக்குமெண்ட்தான் மூலம், கோடு அதுலேர்ந்து வர்ற சரக்குன்னு 1984-லயே கம்ப்யூட்டர் விஞ்ஞானி டொனால்ட் க்னூத் எழுதி வச்சிட்டாரு. ஆனா அவசரத்துல பக் ஃபிக்ஸ் பண்றப்ப யாருங்க டாக்குமெண்ட்டை திறக்குறா, எரர் எந்த ஃபைல காட்டுதோ அதுலயே கைய வச்சிடுவோம். எமாக்ஸ் எடிட்டரோட வர்ற ஆர்க் மோட்ல இந்த வேலைய பாக்குற ஆர்க் பேபல் தேறுதா இல்லையான்னு அப்பதான் தெரியும்.

டேங்கிள் பண்ற பக்கம், அதாவது டாக்குமெண்ட்ல இருக்குற கோட சோர்ஸ் ஃபைலா எழுதுற பக்கம், குறையே இல்ல. ஒரே டாக்குமெண்ட்லேர்ந்து எத்தன ஃபைல் வேணாலும் பிரிச்சு எழுதும், புது வெர்ஷன்ல மாறாத ஃபைல தொடவே தொடாது, அதனால பில்டு பண்ற மேக் டூல் சும்மா சும்மா எல்லாத்தையும் திருப்பி கம்பைல் பண்ணாது. ஆனா நீங்க சோர்ஸ் ஃபைல்ல கையால மாத்தினது இருக்கான்னு ஒரு வார்த்த கேக்காது, மேலயே எழுதிட்டு போயிடும்.

அதுக்குத்தான் டீடேங்கிள் இருக்கேன்னு சொல்வீங்க. இருக்கு, கமெண்ட்ஸ் செட்டிங்க லிங்க்னு வச்சா ஒவ்வொரு கோடு பிளாக்குக்கும் முன்னயும் பின்னயும் சோர்ஸ்ல ஒரு அடையாள கமெண்ட் விழும், அத வச்சு மாத்தினத டாக்குமெண்ட்டுக்கு கொண்டு போகும். சிக்கல் என்னன்னா பேர் வைக்காத பிளாக்க அந்த ஹெட்டிங்ல எத்தனாவதுன்னு எண்ணித்தான் கண்டுபிடிக்குது. நடுவுல புதுசா ஒரு பிளாக் சொருகிட்டு டேங்கிள் பண்ணாம டீடேங்கிள் பண்ணுங்க, ரெண்டாவதுல போக வேண்டியது பக்கத்து வீட்டுல போய் உக்காந்துக்கும், எரரும் வராது! எல்லா பிளாக்குக்கும் பேர் வச்சுடுங்க, சோம்பல் படாதீங்க.

நோவெப் ரெஃபரன்ஸ் இன்னும் மோசம். ஒரு பிளாக்குக்குள்ள இன்னொன்ன கூப்பிட்டிருந்தா சோர்ஸ்ல விரிஞ்ச கோடுதான் இருக்கும், திருப்பி கொண்டு வந்தா ரெஃபரன்ஸ் காணாம போய் விரிஞ்சதே டாக்குமெண்ட்ல ஒட்டிக்கும். ஜேசன் ஃபைலுக்கு இதெல்லாம் பேசவே வேணாம், அதுல கமெண்ட்டே கிடையாது.

ரெண்டு பக்கமும் தாராளமா எடிட் பண்ணுவேன்னா என்டாங்கிள்டுங்கிற டூல பாருங்க. மார்க்டவுன்ல எழுதலாம், வாட்ச் மோட்ல விட்டா டாக்குமெண்ட்ட மாத்தினா சோர்ஸும் சோர்ஸ மாத்தினா டாக்குமெண்ட்டும் தானா மாறும், ரெண்டும் ஒரே நேரத்துல மாறியிருந்தா கண்ண மூடிட்டு எழுதாம கான்ஃப்ளிக்ட்னு நின்னுடும். ஆர்க்ல எனக்கு பெரிய குறையா படுறது இந்த வசதி இல்லாததுதான். ஆனா இதுவும் அடையாள கமெண்ட்ட நம்பித்தான் ஓடுது, கோட ஒழுங்குபடுத்துற ஃபார்மேட்டர் அத நகத்தினா முடிஞ்சுது.

எமாக்ஸ விட்டு வர மனசில்லாததால நான் ஆர்க்லயே இருக்கேன், சேவ் பண்ணினதும் டேங்கிள் ஆகுற மாதிரி ஹூக் போட்டு, டேங்கிள் மோடுங்கிற செட்டிங்ல சோர்ஸ் ஃபைல்களை ரீட் ஒன்லி ஆக்கிட்டேன். எடிட் பண்ணப் போனா எமாக்ஸே தடுக்கும், அங்கேர்ந்து ஆர்க் ஃபைலுக்கு தாவ கமாண்ட் ஒண்ணு இருக்கு, அதுக்கு ஒரு கீ கட்டி வச்சுக்கிட்டா போதும், டீடேங்கிள் பக்கமே போறதில்ல. டீமா வேல பாக்குறவங்களுக்கு இது ஒத்து வராது, எல்லாரும் எமாக்ஸ்ல இருக்க மாட்டாங்கல்ல.