தொண்ணூறில் ஒரு முனகல்: பிக்கப்புடன் ஆறு ஆண்டுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது என் தொழில். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்று எங்கே கூட்டம் கூடினாலும் என் பிக்கப் முதல் நாளே அங்கே போய் நின்றுவிடும். 2019இல் பழைய வண்டியாக வாங்கினேன். 2.5 லிட்டர் டீசல், ஐந்து கியர், நான்கு சக்கர இயக்கம். என் கையில் மட்டும் 130,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஒருநாளும் நடுவழியில் கைவிட்டதில்லை. மழைக்குப் பிறகு லிந்தாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் செம்மண் பாதை சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். அங்கேயும் பாரத்தோடு ஏறி வந்துவிடும். பின் இருக்கை மட்டும் தண்டனை. மாமியாரை ஒருமுறை ஈப்போவுக்கு அதில் அழைத்துப் போனேன். அடுத்த முறை பஸ்ஸிலேயே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். 2024 ஜூன் 10 அன்று டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்குத் தாவியது என் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் போட்டது. அதற்கு வண்டி என்ன செய்யும்?

வண்டியை நான் திட்டியது அதிர்வுக்காகத்தான். 2022 தீபாவளிக்கு முன், முழுப் பாரத்தோடு முதல் கியரில் கிளம்பும்போதெல்லாம் தரைக்கு அடியில் யாரோ பிடித்து உலுக்குவதுபோல் நான்கைந்து முறை குலுங்கும். வேகம் பிடித்ததும் நின்றுவிடும். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இந்த வண்டியில் இரண்டு துண்டு. நடுவே அதைத் தாங்குவது ஒரு ரப்பர் வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும் சென்டர் பேரிங். ரப்பர் கிழிந்து தொங்கியது. பட்டணத்துப் பட்டறை ஒன்றில் மாற்றினார்கள். குலுங்கல் அன்றே போனது. நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஒரு மாதம் உள்ளூர்ச் சவாரிதான். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே இல்லை. அதற்குள் சேற்றில் பத்து முறையாவது போய் வந்துவிட்டேன். பிறகு ஒருநாள் கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறித் தைப்பிங்குக்குப் போனபோது, எண்பதில் தொடங்கித் தொண்ணூறில் நன்றாகக் கேட்டது ஒரு முனகல். உள்ளங்கால் கூசியது.

சேற்றின்மேல் பழி போட்டேன். அது நியாயமான சந்தேகம்தான்: ரிம்மின் உட்புறத்தில் செம்மண் காய்ந்து ஒட்டிக்கொண்டால் சக்கரம் சமநிலை இழக்கும். சுரண்டிக் கழுவினேன். பாலன்சிங் செய்தேன். பிறகு நான்கு டயரையும் மாற்றினேன், 1,720 ரிங்கிட். அதன் பிறகு இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு குற்றவாளி. பணம் மட்டும் ஒரே பையிலிருந்து.

உண்மையில் துப்புக் கொடுத்தது தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர். பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்ததைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் குவளைப் பிடியில் வைத்திருந்தேன். தொண்ணூறில் அது தளும்பவில்லை. மேலே படிந்த ஆடை முழுவதும் மயிரிழை போன்ற வளையங்கள் நடுங்கின. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளினேன். இன்ஜின் தணிந்தது, வளையங்கள் அப்படியே இருந்தன. ஆக, இன்ஜின் இல்லை. நான்காம் கியரில் தொண்ணூறு, ஐந்தாம் கியரில் தொண்ணூறு, இரண்டிலும் அதே நடுக்கம்.

அன்றிரவு மகளின் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன். தொண்ணூறு என்றால் நொடிக்கு 25 மீட்டர். என் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.4 மீட்டர் போகும். அப்படியென்றால் சக்கரம் நொடிக்குப் பத்துச் சுற்று. பின் அச்சு விகிதம் 4.1, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.1 சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதால், ஷாஃப்ட் நொடிக்கு நாற்பதுக்கு மேல் சுற்றும். டயர் கோளாறு தடதடவென்று உதறும். இவ்வளவு மெல்லிய நடுக்கமாக வராது. 1,720 ரிங்கிட் நினைவுக்கு வந்தது. நோட்டை மூடிவிட்டேன்.

தோட்டத்து லோரிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரை ‘ஃபோர்மேன் ஐயா’ என்றுதான் அழைக்கும். அவரிடம் போனேன். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“தம்பி, சத்தம் வருவதற்கு முன்னால் கடைசியாக அடியில் கை வைத்தது யார்? எதற்கு?”

சென்டர் பேரிங் என்றேன். “ஷாஃப்டைப் பிரிக்கும் முன் கோடு போட்டானா?” என்றார். நான் பார்க்கவில்லை.

வண்டிக்கு அடியில் படுத்து, டீசலில் நனைத்த துணியால் ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் பல் இணைப்பைத் துடைத்தார். சேறும் கிரீஸும் வழிந்து போனதும் இரண்டு சிறிய அம்புக் குறிகள் தெரிந்தன. ஒன்றையொன்று பார்க்க வேண்டியவை, சண்டை போட்ட சம்பந்திகளைப்போல் வேறு வேறு திசையில் நின்றன. மூன்று பல் தள்ளிச் செருகியிருந்தார்கள்.

அவர் சொன்ன விளக்கம் இது. ஷாஃப்டின் துண்டுகளை இணைக்கும் சிலுவை வடிவ மூட்டுதான் குரோஸ் ஜாயிண்ட். அது சாய்வாகச் சுழலும்போது, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஷாஃப்ட் சற்று வேகமெடுத்து, இரண்டு முறை தாமதிக்கும். ஒரு ஜாயிண்ட் கெடுத்ததை அடுத்தது சரிக்கட்டும்படிதான் அவற்றைப் பிடித்திருக்கும் கவைகளை நேர்ப்படுத்தி வைத்திருப்பார்கள். பல் மாறினால் அந்தச் சரிக்கட்டல் போய்விடும். மெதுவாகப் போகும்போது தெரியாது. வேகம் கூடக் கூட முனகும்.

கழற்றி, அம்புகளை நேர்ப்படுத்தி, கிரீஸ் அடித்து, வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடும் இழுத்தார். முக்கால் மணி நேரம். ஐம்பது ரிங்கிட் கொடுத்தேன். இருபதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பேரிங் மாற்றிய பட்டறைக்குப் போய்ச் சண்டை போடலாமா என்று கேட்டேன். “புது டயர் வீணாகவா போய்விட்டது?” என்றார். எனக்கு என்னவோ அந்தச் சமாதானம் இன்னும் செரிக்கவில்லை.

இப்போது 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, சேற்றில் அதிகம் போனால் அதற்கு முன்பே, மூன்று ஜாயிண்டுக்கும் நானே கிரீஸ் அடிக்கிறேன். யார் ஷாஃப்டைத் தொட்டாலும் குனிந்து கோட்டைப் பார்த்துவிடுகிறேன். சென்ற மாதம் 120 நாற்காலியோடு தைப்பிங் போனபோது தொண்ணூறில் குவளையைப் பார்த்தேன், ஆடை அசையவில்லை. ஏர்கான் மட்டும் மேடு ஏறும்போது கீச்சிடுகிறது. அதற்கு ஃபோர்மேன் ஐயா கை வைக்க மாட்டாராம்.