சாக்கெட்டும் ஜாக்கெட்டும்: பொய்க்காலோடு 7 வருடம்

திண்டுக்கல்லில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். 2017 கடைசியில் பைபாஸில் நடந்த விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. விபத்துக் கதை வேண்டாம், சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. "முட்டி தப்பிச்சது உங்க நல்ல நேரம்மா" என்று டாக்டர் சொன்னபோது அவர் மேல் கோபம்தான் வந்தது. தொடையோடு காலை இழந்தவர்கள் ஒவ்வொரு படிக்கும் படும் பாட்டைப் பார்த்த பிறகு, மனுஷன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது.

புதிதாகக் கால் போடப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்தப் பாதம் நல்லது? ரப்பரா, கார்பனா?" பாதத்தைப் பிறகு பார்க்கலாம். மிஞ்சிய காலை ஸ்டம்ப் என்பார்கள். அந்த ஸ்டம்ப் உட்காரும் கிண்ணம்தான் சாக்கெட். எல்லாம் அதில்தான் இருக்கிறது. இருபது வருடமாக ஜாக்கெட் தைக்கிற எனக்கே இது புரிய ஒரு வருடம் ஆனது. பட்டுத்துணியாகவே இருக்கட்டும், கைக்குழி பிடித்தால் யார் போடுவார்கள்?

முதல் கால் 2018ல் ஓர் இலவச முகாமில் கிடைத்தது. ஜெய்ப்பூர் கால். காலையில் அச்சு எடுத்தார்கள், சாயங்காலம் நடந்தே வீட்டுக்கு வந்தேன். பாதத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் உருவாக்கியது அது. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருகிறவர்கள், குத்த வைத்து உட்காருகிறவர்கள், சேற்றில் இறங்குகிறவர்கள் என்று நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்துச் செய்த பாதம். நனைந்தாலும் கவலையில்லை. 1981ல் திருச்சிப் பக்கம் நடந்த விபத்தில் கால் இழந்த சுதா சந்திரன் மறுபடி மேடையேறி ஆடியது ஜெய்ப்பூர் காலோடுதான். ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்த ஒருவர் விடாமல் எல்லோரும் இதைச் சொன்னார்கள். எனக்கு ஆட வேண்டாம் சாமி, மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டால் போதும்.

குழாயைச் சூடாக்கி வளைத்துச் செய்த அதன் சாக்கெட்டில்தான் வந்தது வினை. அறுவை முடிந்த முதல் வருடம் ஸ்டம்ப் இளைத்துக்கொண்டே போகும். யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. இரண்டே மாதத்தில் கால் தொளதொளவென்று ஆனது. ஸ்டம்ப் கீழே இறங்கி எலும்பு நுனி அடியில் இடிக்க, புண் வந்தது. ஆறு வாரம் காலைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்தேன். முகாம்காரர்களைத் தேடினால் அவர்கள் எப்போதோ அடுத்த ஊருக்குப் போயிருந்தார்கள். ஜாக்கெட் தைத்துக் கொடுத்த கையோடு ஊரைக் காலி செய்த டெய்லரிடம் யார் போய்ப் பிடித்துத் தைத்துக் கேட்பது?

இரண்டாவது கால் 2019ல், மதுரையில் ஒரு தனியார் பட்டறையில். 85 ஆயிரம் ஆனது, சீட்டு எடுத்துக் கட்டினேன். இங்கே மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்து, முதலில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் ட்ரையல் சாக்கெட் செய்தார்கள். போட்டுக்கொண்டு நின்றால் எங்கே தோல் வெளுக்கிறது, எங்கே இடைவெளி என்று வெளியிலிருந்தே தெரிகிறது. மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை, "உங்களுக்குச் சரியா இருக்காம்மா?" என்று டெக்னீஷியன் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கஸ்டமரிடம் நான் கேட்கிற அதே கேள்வி, அதே குரல்.

இந்தக் காலில் ஸ்டம்புக்கு மேல் சிலிக்கான் லைனர் என்ற மெத்தென்ற உறையைப் போட வேண்டும். உள்புறத்தை வெளியே திருப்பி, அடியை ஸ்டம்ப் நுனியில் காற்றுப் புகாமல் ஒட்டவைத்து, அப்படியே மேலே உருட்டிக்கொண்டு வர வேண்டும். அதன் நுனியில் ஒரு பின் இருக்கிறது. சாக்கெட்டுக்குள் காலை விட்டு எழுந்து நின்றால் அது டிக் டிக்கென்று பூட்டிக்கொள்ளும். எனக்கு 5 டிக் வந்தால் அளவு சரி. 7 வந்தால் ஸ்டம்ப் இளைத்திருக்கிறது, சாக்ஸ் சேர்க்க வேண்டும். 3லேயே நின்றுவிட்டால் வீக்கம்.

சாக்ஸ் என்றால் ஸ்டம்புக்கென்றே வரும் உறை. ஒரு ப்ளை, மூன்று ப்ளை, ஐந்து ப்ளை என்று கனத்தில் வித்தியாசம். காலையில் ஒரு ப்ளை போதும், மத்தியானம் மூன்று, கடை மூடும்போது ஐந்து என்று ஒரே நாளில் மாறும். நாள் முழுக்க ஸ்டம்ப் நசுங்கி நசுங்கி இளைக்கிறது. முந்தின இரவு கருவாட்டுக் குழம்பு என்றால் மறுநாள் காலையில் கால் உள்ளேயே போகாது. மாதவிடாய்க்கு முந்தின நாட்களிலும் எனக்கு அப்படித்தான். நான் பார்த்த டெக்னீஷியன்கள் எல்லோரும் ஆண்கள். ஒருவரும் இதைச் சொன்னதில்லை, அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். அளவு நோட்டில் என் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஸ்டம்பை இஞ்ச் டேப்பில் அளந்து தேதி போட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் இதையெல்லாம் கண்டுபிடித்தேன்.

இரவு காலைக் கழற்றியதும் கைக்கண்ணாடி வைத்து ஸ்டம்பைச் சுற்றிப் பார்ப்பேன். முட்டிச் சில்லுக்குக் கீழே சிவந்திருந்தால் பயமில்லை, எடை தாங்குகிற இடம் அது. பத்து நிமிடத்தில் மறைந்துவிடும். எலும்பு நுனியில் சிவப்பு தெரிந்து, அது மறையாமல் நின்றால் மறுநாள் கால் கிடையாது, ஊன்றுகோல்தான். ஒரு நாள் பொறுத்தால் ஆறு வாரம் மிச்சம். அப்புறம் லைனரைச் சோப்பு போட்டு அலசி நிழலில் காயவைக்க வேண்டும். மே மாதத்தில் மத்தியானமே கழற்றிக் கவிழ்த்தால் வேர்வை சொட்டும். வெயில் காலத்தில் லைனர் எனக்குத் தண்டனைதான்.

வேலைக்கு வருகிறேன். என்னிடம் இருந்தது கால் மெஷின். மிதியை மிதிக்கக் கணுக்கால் மடங்கி நிமிர வேண்டும், பொய்க்காலுக்கு அந்தப் பலம் ஏது? ஒரு காலால் மிதித்துப் பார்த்தேன், சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் மோட்டார் பொருத்திய தையல் மெஷினுக்கு எழுதிப்போட்டு வாங்கினேன். அதன் பெடலை இடது பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன். முதல் மாதம் வேகம் பிடிபடாமல் பக்கத்துத் தெருப் பெண்ணின் கல்யாண ஜாக்கெட்டில் முதுகுத் தையல் பாம்பு மாதிரி போனது. பிரித்துத் தைத்தேன்.

பஸ்ஸில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது பொய்க்கால் முன்னே. இது பழகிவிடும். பழகாதது வேறொன்று. சேலைக்குள் கால் மறைந்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. ஒரு தடவை மாற்றுத்திறனாளி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியம்மா, "நல்லாத்தானே இருக்க, எந்திரி" என்றார். பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துக் காலில் டொக் டொக்கென்று தட்டினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்தம்மா இறங்கும்வரை எனக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்தார்.

மதுரைக் காலின் பாதம் செருப்புப் போட்டு நடக்க அமைத்தது. குதிகால் உயரத்தைக் கணக்கில் வைத்துத்தான் காலை நிமிர்த்தியிருக்கிறார்கள். வெறும் காலோடு கோயிலுக்குள் போனால் ஆளைப் பின்னால் தள்ளுவது போல் இருக்கும், முட்டி வலிக்கும். குதிகாலுக்கு அடியில் ரப்பர் துண்டு ஒன்றை வெட்டி வைத்து, மேலே சாக்ஸ் போட்டுச் சமாளிக்கிறேன். இந்தத் தொல்லைக்காகவே பழைய ஜெய்ப்பூர் பாதத்துக்குப் புது சாக்கெட் மட்டும் போட்டு வாங்கி வீட்டுக்கு வைத்திருக்கிறேன். வாசல் தெளித்துக் கோலம் போட அது, கடைக்கும் பஸ்ஸுக்கும் இது. வசதி இருந்தால் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். நிறம்தான் இரண்டிலுமே பொருந்தவில்லை. மெட்டி இடது காலில் மட்டும்.

இல்லாத கட்டைவிரல் இன்னும் அரிக்கிறது. முதல் வருடம் அது வலியாகவே இருந்தது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த கண்ணாடி வைத்தியத்தை பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்தார். இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, அதில் தெரியும் நல்ல காலைப் பார்த்துக்கொண்டே விரலை அசைக்க வேண்டும். கடையில் ஆளுயரக் கண்ணாடி ஏற்கெனவே இருந்தது. எல்லோருக்கும் கேட்குமா தெரியாது, எனக்குப் பாதி வலி குறைந்தது. ஆனால் மூளை இன்னும் ஏமாற்றும். போன மழைக்காலத்தில் இரவு 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இல்லாத காலை ஊன்றி எழுந்து கட்டில் முனையில் விழுந்தேன். அன்றிலிருந்து வாக்கரைக் கை இடிக்கிற மாதிரி கட்டிலை ஒட்டியே போட்டு வைத்திருக்கிறேன்.

மதுரை சாக்கெட்டையும் 2022ல் ஒரு தடவை மாற்றியாகிவிட்டது. இப்போது மறுபடி 7 டிக் வருகிறது, சாயங்காலம் எட்டு ப்ளை வரை போகிறது. நோட்டைப் பார்த்தால் இரண்டு வருடத்தில் முக்கால் இஞ்ச் குறைந்திருக்கிறது. தீபாவளித் தையல் முடிந்ததும் போய் மாவுக்கட்டுப் போட வேண்டும்.