ஜப்பான் கிட் என்று முற்பணம் கேட்பவர்களிடம் கவனம்: சுற்றிய பெட்டிக்குள் குறைச் சாமான்

கொழும்பில் பிளாஸ்டிக் மொடல் கட்டுகிறவர்கள் அதிகம் இல்லை. அதிலும் டாங்கி, கவச வாகனம் என்று கட்டுகிறவர்கள் இன்னும் குறைவு. எங்களில் ஒருவரை ஏமாற்றிய ஆள் அடுத்ததாகப் பிடிக்கப்போவதும் பெரும்பாலும் எங்களுக்குத் தெரிந்த ஒருவரைத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் முற்பணம் வாங்கிக்கொண்டு ஜப்பானிலிருந்து கிட் (மொடல் கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டி) எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஒருவர், யாரோ கட்டத் தொடங்கிக் கைவிட்ட குறைச் சாமானைப் புதுப் பெட்டி என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார். முறைப்பாடு கொடுத்திருப்பதால் இப்போதைக்குப் பெயரைப் போடவில்லை. நடந்த விதத்தை மட்டும் விபரமாகச் சொல்கிறேன். இதே விதத்தில் சுற்றிய ஒரு பெட்டி உங்கள் அலுமாரியிலும் திறக்கப்படாமல் இருக்கலாம்.

நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு நண்பரின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கட்டுகிறவர்கள். ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், அவரை எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். கப்பல் கம்பனியில் வேலை செய்யும் அண்ணா ஒருவர், ஏ.எல். எழுதிவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் தம்பி ஒருவன், அப்புறம் வீட்டுக்கார நண்பரும் நானும். யுத்தத்தைக் கண்ட குடும்பங்களில் டாங்கியை அலுமாரியில் அடுக்கி வைப்பது எல்லோருக்கும் உவப்பான விடயமல்ல. என் அம்மா இன்றைக்கும் என் மொடல்களைக் கிட்ட வந்து பார்த்ததில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் குழு இரண்டாம் உலகப் போர் வாகனங்களோடு மட்டும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த முறை எடுத்துக்கொண்டது மட்டில்டா. பிரித்தானியரின் இந்தக் காலாட்படை டாங்கிக்கு முன்பக்கக் கவசம் 78 மில்லிமீற்றர். 1940 டிசெம்பர் 9ஆம் திகதி எகிப்தில் நிபெய்வா முகாமைத் தாக்கியபோது இத்தாலியர்களின் பீரங்கிகளால் அதைத் துளைக்க முடியவில்லை. அந்தத் தாக்குதலில் மட்டில்டாக்களோடு சேர்ந்து போனது 4ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. எங்கள் பக்கத்து மனிதர்கள் அந்த டாங்கிகளின் பின்னால் நடந்திருக்கிறார்கள் என்ற ஒரு விடயத்துக்காகவே சேர் இதைத் தெரிவு செய்தார். மூன்று டாங்கி, ஒரே பாலைவனத் தளம், டாங்கியின் மேல் கோண்டர் என்று சொல்லும் மூன்று நிற உருமறைப்புப் பட்டைகள். பாலைவனத்தை நான் செய்வது, நிறம் சேர் அடிப்பது, தடச் சங்கிலிகளைத் தம்பி கோப்பது என்று வேலையையும் பிரித்திருந்தோம். 1/35 அளவில், அதாவது உண்மையான டாங்கியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கில், ஒரு மட்டில்டா ஒரு சாண் நீளம்கூட வராது. ஆனால் மூன்றையும் கட்டி நிறம் தீட்டி முடிக்கப் பல மாதம் பிடிக்கும்.

இங்கே கடைக்குப் போய் நினைத்த கிட்டை வாங்குவது நடக்காத காரியம். வருகிற சிலவும் கார், விமானம் பக்கம்தான் அதிகம். வெளியிலிருந்து நாங்களே எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறோம். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு ஒரு பெட்டியைத் தனியாக வரவழைப்பது கட்டுப்படியாகவில்லை. தபால் செலவு ஒரு பக்கம், சுங்க வரி இன்னொரு பக்கம். பசை, தின்னர், லக்கர் நிறங்கள் தீப்பற்றக்கூடியவை என்பதால் சாதாரண விமானத் தபாலில் அனுப்பவும் முடியாது. பலருடைய ஓடரையும் சேர்த்து ஒரே பொதியாகக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான பேச்சுத்தான். நேர்மையாக அப்படிக் கொண்டுவந்து தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்களை ஏமாற்றியவர் கேட்டது கிட் ஒன்றுக்கு 18,000 ரூபாய். அதில் முக்கால் பங்கு முற்பணம். சுங்கச் செலவு தனி. டமியா என்ற ஜப்பான் கம்பனி 2009இல் வெளியிட்ட புதிய அச்சுத்தான் (பாகங்களை வார்க்கும் வார்ப்பு) வேண்டும், 1970களின் பழைய அச்சு வேண்டாம் என்று எழுத்தில் கேட்டோம், சரி என்று எழுத்திலேயே பதில் வந்தது. காசு போட்ட கணக்கு இன்னொருவரின் பெயரில் இருந்தது. மனைவியின் கணக்கு என்றார்.

பெட்டிகள் வந்தபோது மூன்றும் பளபளவென்று மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தன. "பாருங்க, சீல் பண்ணின பெட்டி" என்று சொல்லித்தான் மிகுதிக் காசையும் வாங்கிக்கொண்டு போனார். இந்த இடத்தை ஆறுதலாக வாசியுங்கள். ஜப்பான் கடைகளில் விற்கும் டமியா பெட்டிகள் பெரும்பாலும் அப்படிச் சுற்றப்படுவதே இல்லை. மூடியைத் தூக்கினால் திறந்துவிடும், உள்ளே இருக்கும் பைகள்தான் ஒட்டப்பட்டிருக்கும். அமெரிக்கா போன்ற இடங்களுக்குப் போகும் பெட்டிகளில் சுற்றுத் தாள் இருப்பதுண்டு. சூட்டில் சுருங்கும் தாள் ஒரு சுருளும், சூடான காற்று ஊதும் கருவி ஒன்றும் இருந்தால் யாரும் வீட்டிலிருந்தே எந்தப் பெட்டியையும் சுற்றலாம். வெளித்தாள் எதற்கும் சாட்சி இல்லை.

தம்பியின் பெட்டியை முதலில் திறந்தோம். வகுப்பு எடுத்துச் சேர்த்த காசில் அவன் வாங்கிய முதல் பெரிய கிட் அது. உள்ளே ஒரு பையின் வாய், இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியதுபோலச் சுருங்கி, ஓரத்தில் லேசாகப் பழுப்பேறியிருந்தது. மற்றப் பைகளில் கம்பனியின் நேரான ஒட்டுக் கோடு. சேர் அந்தப் பையை வெட்டி உள்ளே பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை, ஸ்புரூ என்போமே, வெளிச்சத்தில் பிடித்தார். கோபுர மூடி இருக்க வேண்டிய இடத்தில், பாகத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் முளைகள் மட்டும். புதுக் கிட்டில் ஒரு பாகம் தானாகக் கழன்று விழுந்தால் முளை பிய்ந்து சொரசொரப்பாக இருக்கும், கழன்ற பாகமும் பைக்குள்ளேயே கிடக்கும். இங்கே முளைகள் நிப்பரால் (பாகம் வெட்டும் சிறு குறடு) வெட்டினபடி தட்டையாக இருந்தன. பாகத்தைக் காணவில்லை. ஒரு பக்கத்துக்கான சிறு சக்கரங்களும் இல்லை. நீரில் ஊறவைத்து ஒட்டும் டெகல் தாள் மஞ்சளடித்துப் போயிருந்தது. ஓரத்துண்டு ஒன்றை வெட்டித் தண்ணீரில் போட்டதும் அது பொடிப்பொடியாக உடைந்தது.

இரண்டாவது பெட்டியிலும் குறை. மூன்றாவது மட்டும் முழுமையாக இருந்தது.

கப்பல் கம்பனி அண்ணா அங்கேயே விற்றவருக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, கம்பனில இருந்தே அப்பிடித்தான் வந்தது. நான் திறக்கவே இல்ல."

"திறக்காம நிப்பரால வெட்டின அடையாளம் எப்பிடித் தம்பி வரும்?"

"கஸ்டம்ஸில பிரிச்சுப் பாத்திருப்பினம்."

"சரி, கஸ்டம்ஸ் கட்டின துண்டை அனுப்புங்கோ. அதுக்குத் தனியாக் காசு வாங்கினீங்கள்தானே."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னார்: "மட்டில்டான்ர சில்லு வெளியில தெரியாதுதானே அண்ணா, பக்கத்துத் தட்டு மூடிரும்."

மட்டில்டாவின் பக்கவாட்டில் கவசத் தட்டு இருப்பதும் சக்கரங்கள் அதன் பின்னால் ஒளிந்திருப்பதும் உண்மைதான். ஆனால் சக்கரமே இல்லாமல் தடச் சங்கிலியை எதன்மேல் ஏற்றுவது? அதைவிட, பெட்டியைத் திறக்கவே இல்லை என்று சொன்னவருக்கு, சக்கரம் இல்லாவிட்டால் வெளியே தெரியாது என்ற பதில் எப்படி அவ்வளவு சுருக்காக வாயில் வந்தது? சுங்கத்துக்காரர் பொதியைத் திறப்பது வழமைதான். அவர்கள் உள்ளே என்ன சாமான் என்று பார்ப்பார்கள், கோபுர மூடியை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். சுங்கத் துண்டு கடைசிவரை வரவில்லை. அன்று பின்னேரமே அண்ணாவின் இலக்கத்தை அவர் தடுத்துவிட்டார், எங்கள் எல்லோரையும் தன் வட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்.

நடந்தது என்னவென்று பிடிபட்டது பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தபோதுதான். சுற்றுத் தாளுக்குக் கீழே ஒரு சின்ன விலைத்துண்டு பாதி கிழிந்தபடி ஒட்டியிருந்தது. ஜப்பானில் வேலை செய்துவிட்டு வந்த தெரிந்தவர் ஒருவருக்குப் படம் எடுத்து அனுப்பினோம். கடகனா எழுத்தில் "ஜங்க்" என்று இருப்பதாகச் சொன்னார். ஜப்பானில் பாவித்த சாமான் விற்கும் கடைகளில் இது சாதாரணம். குறை இருக்கலாம், திருப்பி எடுக்கமாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லி அந்தத் துண்டை ஒட்டி மலிவாக விற்பார்கள். அந்தக் கடை யாரையும் ஏமாற்றவில்லை. அதை வாங்கி, துண்டைக் கிழித்து, பையைச் சூட்டில் ஒட்டி, மேலே தாள் சுற்றி, புதுப் பெட்டி விலைக்கு மேல் எங்களிடம் வாங்கியவர்தான் ஏமாற்றியவர். தற்செயலாக நடந்த பிழை என்று இதைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு படியும் கையால் செய்த வேலை.

இன்னொன்று. அதே ஓடரில் மெல்லிய பசையும் வாங்கியிருந்தோம், டமியாவின் பச்சை மூடிப் போத்தல். மூடி ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்த அடையாளம் தெரிந்ததால் சேர் நேரே மொடலில் வைக்காமல் வெற்றுச் சட்டத் துண்டு ஒன்றில் ஒரு சொட்டு வைத்தார். நல்ல பசை பொருத்துக்குள் ஓடிச் சீக்கிரமே காயத் தொடங்கும். இது தொட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்து, பிளாஸ்டிக் கூழாகி, துண்டிலிருந்த எழுத்து அழிந்தே போனது. வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் இடத்தில் வரும் தின்னர் வாசம். உள்ளே என்ன ஊற்றப்பட்டிருந்தது என்பது ஊற்றியவருக்குத்தான் வெளிச்சம். இது கிட்டைவிடப் பாரதூரமான விடயம். மூடிய அறையில், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, இன்னதென்று தெரியாத கரைப்பானை மூச்சில் இழுக்க வைக்கிற வேலை. ஏற்கெனவே திறந்த போத்தலை, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

வாங்குகிறவர்கள் செய்யக்கூடியது இதுதான். மிகுதிக் காசு கைமாறும் முன் பெட்டியை அவர் முன்னாலேயே திறவுங்கள். "திறந்தால் சேகரிப்பு மதிப்பு போய்விடும்" என்று கதை வரும், நாங்கள் கட்டுவதற்குத்தான் வாங்குகிறோம். டமியாவின் செய்முறைத் தாளில் கடைசிப் பக்கத்தில் பாகப் பட்டியல் இருக்கும், ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும். கையிலிருக்கும் சட்டங்களை அதோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். உண்மையில் குறைந்துபோன பாகத்தை அந்த இலக்கத்தைச் சொல்லித் தனியாக வாங்கவும் முடியும், தம்பியின் சட்டங்களைக் கனடாவிலுள்ள உறவினர் மூலம் அப்படித்தான் இப்போது தேடுகிறோம். அவன் வேலை அதுவரை நிற்கிறது, காசும் இரண்டாம் தரம் போகிறது.

அச்சு எந்த ஆண்டினது என்று, கிட்களைப் பட்டியலிடும் ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் முன்கூட்டியே பாருங்கள். ஒரே டாங்கிக்குப் பழைய அச்சும் புதிய அச்சும் ஒரே கம்பனியின் பெயரில் சந்தையில் இருக்கும். டமியாவின் 1/35 அளவே 1960களின் தொடக்கத்தில் ஜேர்மனியரின் பந்தர் டாங்கி மொடலுக்குள் பற்றரியும் மோட்டாரும் அடங்க வேண்டும் என்று பார்த்துப் பிறந்தது. அதனால் அந்தக் காலத்துக் கிட்கள் பலவற்றில் உடலின் அடித்தட்டில் சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் துளைகள் இருக்கும். புதிய அச்சு என்று விலை சொன்ன பெட்டியில் அப்படித் துளை கண்டால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ஒரு கம்பனியின் அச்சை இன்னொரு கம்பனி தன் பெட்டியில் போட்டு விற்பது வேறு விடயம், அது முறைப்படி நடப்பது, அதற்காக யாரோடும் சண்டை பிடிக்க வேண்டாம்.

பற்றுச்சீட்டு கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடமும், வேறொருவர் கணக்குக்குக் காசு போடச் சொல்கிறவரிடமும் முற்பணம் கொடுக்க வேண்டாம். வட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள். எங்களிடம் இப்போது பலமாக இருப்பது "2009 அச்சு, புதுசு" என்று அவரே எழுதிய அந்த ஒரு வரிதான்.

நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சாமான் விற்று மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம். தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் இரண்டு பேர் தங்களுக்கும் இதே சுற்றுத் தாளோடு பெட்டி வந்ததாகச் சொன்னார்கள். அதில் ஒருவர் மகனின் பிறந்தநாளுக்கென்று இன்னும் திறக்காமல் வைத்திருக்கிறார், மூன்று மாதம் முடிய அதிக நாள் இல்லை. அவரைப்போல வைத்திருக்கும் மற்றவர்களும் இன்றைக்கே பெட்டியை எடுங்கள். ஒருவர் போனில் வீடியோ எடுக்க, மற்றவர் தாளை வெட்டட்டும். பக்கவாட்டில் விலைத்துண்டு கிழிந்த தடம் இருக்கிறதா, பைகளின் வாய் எல்லாம் ஒரே மாதிரி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் அந்த வீடியோவையும் காசு போட்ட சிலிப்பையும் சேர்த்து உங்கள் பெயரில் தனி முறைப்பாடாகக் கொடுங்கள்.