ரூஃப் லைனிங் மாற்றியதாகச் சொல்லி ஏமாற்றும் கடைகள்: ஓர் எச்சரிக்கை

காரின் ரூஃப் லைனிங், அதாவது கூரையின் உட்புறத்தை மூடும் துணி உறை, தொங்கத் தொடங்கினால் அதை முழுமையாக மாற்றித் தருவதாகச் சொல்லும் கடைகளில் சில, வேலையில் பாதியைக்கூடச் செய்யாமல் முழுக் கூலியையும் வாங்கிக்கொள்கின்றன. வண்டியை எடுத்துவரும் நாளில் இந்த மோசடி கண்ணுக்குத் தெரியாது. புதுத் துணி சுருக்கமின்றிப் பளிச்சென்று இருக்கும். வண்டி சில வாரங்கள் வெயிலில் நின்ற பிறகுதான் குட்டு வெளிப்படும். எனக்கு நேர்ந்தது இதுதான்.

என் காரில் பின் கண்ணாடிக்கு மேலே சிறு உப்பலாகத் தொடங்கிய தொய்வு, மெல்ல முன்னோக்கிப் பரவி, உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் துணி மேலே ஒட்டுவதுபோல் தோன்றும். விரலை எடுத்ததும் மீண்டும் தொங்கும். கேபின் லைட்டின் ஓரத்தில் துணியைச் சற்று விலக்கியபோது, மஞ்சளும் பழுப்புமாக மாவு போன்ற தூள் என் சட்டைத் தோளில் உதிர்ந்தது. நோயின் மூலம் அந்தத் தூளில்தான் இருக்கிறது. ரூஃப் லைனிங் என்பது மூன்று அடுக்குகளால் ஆனது: கூரையின் வளைவுக்கேற்ப அச்சில் வார்த்த இலேசான பலகை, அதன்மேல் சில மில்லிமீட்டர் கனமுள்ள பாலியூரித்தேன் ஃபோம், அந்த ஃபோமோடு சேர்த்தே தயாரிக்கப்பட்ட மெல்லிய துணி. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் தாக்கும்போது ஃபோம் மக்கிப் பொடியாகிறது. பெரும்பாலான வண்டிகளில் பசை பலகையோடும், துணி தன்னளவிலும் நன்றாகவே இருக்க, நடுவில் உள்ள ஃபோம்தான் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. எனவே ஊசிவழியாகப் பசையைச் செலுத்துவதும், துணியின் மேலிருந்து பசையைத் தெளிப்பதும் பொடியின்மேல் ஒட்டும் வேலைதான். போதாக்குறைக்குப் பசை துணிக்கு வெளியே ஊறி, போகாத கறையாக நின்றுவிடும்.

இதையெல்லாம் அந்தக் கடைக்காரரே எனக்கு விளக்கினார் என்பதுதான் வேடிக்கை. “பலகையைக் கழற்றி, பழைய ஃபோமைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுத்தான் சார் புதுசு ஒட்டுவோம்” என்று சொல்லி, ரசீதிலும் ‘முழு லைனிங் மாற்றம்’ என்றே எழுதிக் கொடுத்தார். முன்பணம் வாங்கிக்கொண்டு, காலையில் விட்ட வண்டியை மதியத்துக்குள் திருப்பித் தந்துவிட்டார்.

சில வாரங்களில், வெயில் ஏறியதும் அதே பின்பகுதியில் உப்பல் வந்தது. இம்முறை முன்னைவிடக் கனமாகத் தொங்கியது. வேறொரு அப்ஹோல்ஸ்டரி கடையில் கேபின் லைட்டைக் கழற்றி, துணியின் வெட்டு விளிம்பைப் புரட்டிக் காட்டினார்கள். புதுத் துணிக்கு அடியில் என் பழைய துணி அப்படியே இருந்தது. பலகையைக் கழற்றவே இல்லை. சன்வைசர்களையும் கைப்பிடிகளையும் மட்டும் எடுத்துவிட்டு, பழையதன்மேல் பசை தெளித்துப் புதியதை ஒட்டி, ஓரங்களைக் கதவின் ரப்பர் பீடிங்குக்குள் செருகியிருக்கிறார்கள். மக்கிய ஃபோம் இப்போது இரண்டு துணிகளின் எடையைச் சுமக்க வேண்டியதாயிற்று.

பணம் போனதைவிட எனக்குக் கோபத்தை உண்டாக்கியது வேறொன்று. முன்கண்ணாடியின் பக்கவாட்டுத் தூணை மூடும் உறையில் கிளிப் ஒன்று உடைந்திருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு ஸ்க்ரூவை முடுக்கியிருந்தார்கள். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் அந்தப் பை கூரையின் ஓரமாகவே மடித்து வைக்கப்பட்டிருக்கும். விரியும்போது லைனிங்கின் விளிம்பையும் தூண் உறையையும் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். உறையில் ஏர்பேக் முத்திரை பொறித்திருந்தும் அங்கே ஸ்க்ரூ போடுகிறவரிடம் வண்டியை ஒப்படைக்கவே கூடாது. விளிம்பைப் பசையாலோ ஸ்டேப்ளர் பின்னாலோ இறுக்குவதும் இதே வகைத் தவறுதான்.

இரண்டாவது கடையில் வேலை நடந்த விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். பேட்டரி இணைப்பை நீக்கிச் சிறிது நேரம் விட்ட பின்னரே தூண் உறைகளில் கை வைத்தார்கள். பலகையை மடங்காமல் வெளியே எடுத்து, இரண்டு துணிகளையும் உரித்து, மென்மையான பிரஷ்ஷால் பொடியைத் துடைத்து எடுத்தார்கள். அதிக நேரம் பிடித்தது இந்தத் துடைப்புக்குத்தான். கையால் தடவினால் எதுவும் ஒட்டாத நிலை வரும்வரை அவர்கள் விடவில்லை. பிறகு வெப்பம் தாங்கும் கான்டாக்ட் பசையைப் பலகையிலும் புதிய ஃபோமிலும் தெளித்து, தொட்டால் பிசுபிசுக்கும் பதம் வரும்வரை காத்திருந்து, துணியைப் பாதியாக மடித்து நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கையால் நீவி ஒட்டினார்கள். பள்ளமான இடங்களில் துணியை இழுத்துப் பிடிக்காமல் உள்ளே அமர்த்தியதைக் கவனித்தேன். இழுத்து ஒட்டினால் அந்த இடம்தான் முதலில் விடுமாம்.

பலகை வெளியே வந்த பிறகே தெரியும் கோளாறுகளும் உண்டு. பழுப்பு வளையமாகக் கறை இருந்தால் தண்ணீர் இறங்குகிறது என்று பொருள்: சன்ரூஃபின் வடிகுழாய் அடைத்திருக்கலாம், ஆன்டெனாவின் அடிப்பகுதியோ முன்கண்ணாடியின் ஒட்டோ விட்டிருக்கலாம். அதை அடைக்காமல் துணி மாற்றுவது வீண். துணி பலகையோடு ஒட்டியபடியே மொத்தமாக இறங்கியிருந்தால், ஃபோமைக் குறை சொல்லாமல் கிளிப்புகளையும் பலகை ஊறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் கடைக்காரர், உள்ளே பழைய துணி இருந்ததன் படங்களை நான் காட்டியபோது, “பழைய துணி இருந்தால் பிடிப்பு கூடுதல்” என்றார். பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஆகவே வண்டியை விடும் முன்பே, துணியும் ஃபோமும் நீக்கப்பட்ட வெறும் பலகையின் படமும், உரித்த பழைய துணியும் வேண்டும் என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். இரண்டாவது கடையில் நான் அப்படிக் கேட்டேன். மறுப்பின்றி எழுதித் தந்தார்கள்.