பேஸ்மேக்கர்: சின்ன சர்வீஸுக்காக டேட்டாபேஸ் இடம் மாறலாமா?

பேஸ்மேக்கர் என்பது, ஒரு கணினி விழுந்தால் அதன் வேலையை இன்னொன்றுக்கு மாற்றிவிடும் மென்பொருள். இரண்டு நோடு (கணினி) கொண்ட கிளஸ்டர் ஒன்றை அதில் நான்கு வருடமாக ஓட்டுகிறேன். ஒரே குரூப்பில் அது பார்த்துக்கொள்ளும் நான்கு ரிசோர்ஸ்: ஐபி முகவரி, ஃபைல் சிஸ்டம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், கடைசியில் அறிக்கை தயாரிக்கும் சின்ன சர்வீஸ் ஒன்று. குரூப்பில் வரிசைதான் முக்கியம். எழுதிய வரிசையில் கிளம்பும், தலைகீழாக நிற்கும். ஃபைல் சிஸ்டத்தில் கோளாறு என்றால், அதை நம்பி ஓடும் டேட்டாபேஸை முதலில் நிறுத்திவிட்டுத்தான் அதில் கை வைக்கும். இந்த ஒழுங்கு என்னிடம் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

தலைவலி வந்தது அந்தச் சின்ன சர்வீஸால். எல்லா ரிசோர்ஸுக்கும் மைக்ரேஷன் த்ரெஷோல்டு (எத்தனை முறை தோற்றால் நோடை விட்டு நகர்த்துவது என்ற எண்) 3 என்று வைத்திருந்தேன். ஒருநாள் அதிகாலை, ஓடிக்கொண்டிருந்த அறிக்கை சர்வீஸ் அடுத்தடுத்து மூன்று முறை விழுந்தது. அத்தோடு அந்த நோடில் அதற்கு இடமில்லை. குரூப் என்றால் எல்லாம் சேர்ந்தே இருக்க வேண்டுமே! ஒரு குறையும் இல்லாமல் ஓடிய டேட்டாபேஸையும் நிறுத்தி, மொத்தமாக அடுத்த நோடுக்குக் கொண்டுபோய்விட்டது. இணைப்புகள் அத்தனையும் அறுந்தன.

பேஸ்மேக்கர் மேல் தப்பில்லை. வாலுக்காகத் தலையை நகர்த்தாதே என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்கென்றே 'கிரிட்டிக்கல்' என்ற அமைப்பு 2.1 பதிப்பிலிருந்து இருக்கிறது. நாம் தொடாவிட்டால் அது 'ட்ரூ', அதாவது அந்த ரிசோர்ஸுக்காக மற்றவையும் நகரலாம். அறிக்கை சர்வீஸுக்கு மட்டும் 'ஃபால்ஸ்' ஆக்கிவிட்டு, சோதனை கிளஸ்டரில் அதன் பிராசஸை மூன்று முறை கொன்று பார்த்தேன். அது மட்டும் நின்றது, டேட்டாபேஸ் அசையவே இல்லை. இவ்வளவு தேவையான விஷயம் கையேட்டில் ஓர் ஓரமாகக் கிடப்பதுதான் எனக்குக் குறை.

இன்னொன்று: த்ரெஷோல்டு எவ்வளவு வைத்தாலும், ஒரு நோடில் ரிசோர்ஸின் ஸ்டார்ட் ஒரே முறை தோற்றால் இயல்பு அமைப்பில் அந்த நோடைக் கைவிட்டுவிடும்.

ஆன்-ஃபெயில் (ஒரு செயல் தோற்றால் என்ன செய்வது) விஷயத்தில் பேஸ்மேக்கரின் இயல்பு அமைப்பை நான் முழுமையாக மதிக்கிறேன். கண்காணிப்பில் தோற்றால் ரீஸ்டார்ட். ஆனால் நிறுத்துவதே தோற்றால், ஸ்டோனித் (பழுதான நோடை வலுக்கட்டாயமாக ஒதுக்கும் வசதி) இருக்கும்பட்சத்தில் அந்த நோடையே ஃபென்ஸ் செய்துவிடும், அதாவது அணைத்தோ ரீபூட் செய்தோ ஒதுக்கிவிடும். முரட்டுத்தனமாகத் தெரியும், காரணம் இருக்கிறது. நிற்காத சர்வீஸ் இன்னும் டிஸ்க்கைப் பிடித்திருக்கலாம். சாதாரண ஃபைல் சிஸ்டத்தை இரண்டு நோடு ஒரே நேரத்தில் மவுண்ட் செய்தால் தரவு பாழ். ஸ்டோனித்தை அணைத்து வைத்தால் அந்த ரிசோர்ஸ் அங்கேயே முடங்கும், அடுத்த நோடுக்கு மாறும் ஃபெயில்ஓவரும் நடக்காது. தயவுசெய்து அணைக்காதீர்கள்.

அப்புறம் டைம்அவுட், ஒரு செயல் முடியக் காத்திருக்கும் நேரம். எதுவும் சொல்லாவிட்டால் 20 விநாடிதான். பெரிய டேட்டாபேஸ் நிதானமாக நிற்க அது போதாது. நல்ல நோடு வீணாக ஃபென்ஸ் ஆகும். நான் ஸ்டாப்புக்கு 120 விநாடி கொடுத்திருக்கிறேன்.

எதை மாற்றினாலும் பேஸ்மேக்கரின் சிஆர்எம் சிமுலேட் என்ற பாவனைக் கருவியில் ஒரு தோல்வியைக் கற்பனையாகச் செலுத்தி, எது நிற்கும், எது நகரும் என்று பார்த்துவிட்டே நிஜத்தில் போடுகிறேன். ஓடும் சர்வீஸைத் தொடாமலே பதில் கிடைக்கிறது. அடுத்து அமைக்கவிருக்கும் கிளஸ்டருக்கும் பேஸ்மேக்கர்தான். அதில் முதல் நாளே கிரிட்டிக்கல் அமைப்பைப் பார்த்துவிடுவேன்.