ஸுலு பெயர் சொல்லும் வழிகாட்டி: எஷோவே காட்டு நடைக்குக் காசு கொடுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து என்2 சாலையில் வடக்கே போய், ஆர்66-க்குத் திரும்பினால் எஷோவே, ஸுலு மொழி பேசும் ஊர். ஏறக்குறைய 140 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊரை ஒட்டியே ட்லின்ஸா காடு. காட்டுக்குள் மரக்கிளைகளின் உயரத்தில் 125 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாலம், அது முடிகிற இடத்தில் 20 மீட்டர் கோபுரம். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதிதான். இங்கே எடைபோடுவது வேறொன்றை. உள்ளூர் ஸுலு வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, பறவைகளின் ஸுலு பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற அந்த இரண்டு மூன்று மணி நேரம் கொடுத்த காசுக்குத் தகுமா?

தகும், கேட்கத் தெரிந்தவருக்கு. சும்மா பின்னால் நடந்தால் ஆங்கிலப் பெயர்கள்தான் கிடைக்கும். வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் ஆங்கிலப் பட்டியலோடு வருகிறார்கள். பேர்ட்லைஃப் சவுத் ஆஃப்ரிகா போன்ற பறவைப் பாதுகாப்பு அமைப்புகளிடம் பயிற்சி பெற்ற சமூக வழிகாட்டிகள் அந்தப் பட்டியலை நிரப்பித் தரப் பழகியவர்கள். அதனால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்: எண்ணிக்கை முக்கியமில்லை, இருபது பறவை போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஸுலு பெயரும் அந்தப் பெயருக்கான காரணமும் வேண்டும். இப்படிச் சொன்னால் நடையின் வேகமே மாறிவிடும். சொல்லாவிட்டால் அறுபது பறவை பார்த்துவிட்டு, ஸுலுவில் மூன்று பெயரோடு திரும்புவீர்கள்.

முதல் தடை ஒலி. ஸுலுவில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் மெய்கள் மூன்று வகை உண்டு. இதற்கு ஆங்கிலக் கையேடுகள் பத்தி பத்தியாக விளக்கம் கொடுக்கின்றன. தமிழருக்கு அவ்வளவு தேவையில்லை. ஒன்று நாம் உச்சுக்கொட்டுகிற ஒலியேதான். இன்னொன்று மாட்டை ஓட்டக் கடைவாயில் எழுப்புவது. மூன்றாவது, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் ‘டொக்’கென்று விடுவிப்பது. பறவைப் பெயர்களிலும் இது வரும். மரங்கொத்தியின் பெயர் இஸிகொபமூதி, அதாவது மரத்தைச் செதுக்குவது. அதில் ‘கொ’ வரும் இடத்தில் அந்த ‘டொக்’ விழ வேண்டும். வெறும் ககரமாகச் சொன்னால் செதுக்கும் சத்தமே போய்விடும். ‘ஹ்ல’ என்று நாம் எழுதும் ஒலிக்கு, லகரம் சொல்லத் தயாராக நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். தூக்கணாங்குருவியின் சொந்தக்காரர்களுக்குப் பெயர் இஹ்லொகொஹ்லோகோ. கூட்டமாகக் கூடு கட்டும் மரத்தடியில் நின்று இதைச் சொல்லிப் பார்த்தால் ஒத்துப்போகும்.

குறிப்பேட்டில் தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். அரிவாள் மூக்கன் வகையில் ஒன்று அங்கே புல்வெளியெல்லாம் திரியும். ஆங்கிலத்தில் ஹாடீடா, ஸுலுவில் இன்க்கன்க்கானே. இதை ‘இங்கங்கானே’ என்று எழுதிவைத்தால் வீட்டுக்கு வந்து படிக்கும்போது ககரம் மெலிந்துவிடும். ஒற்று போட்டே எழுதுங்கள். இன்னொன்று, ஸுலுவில் இரண்டாக இருக்கும் ஒலிகளுக்கு நம்மிடம் ஒரே ஸகரம். ஆந்தை ஒன்றானால் இஸிகோவா, பலவானால் அதே சொல்லில் அந்த ஸகரம் மட்டும் அதிர்ந்து ஒலிக்கும். தமிழ் எழுத்தில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. அதிரும் ஸகரத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

இனி, காசு எதற்கு என்பதற்கு வருவோம். செந்நெஞ்சுக் குயில் ஒன்று ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வந்து சேரும். இறங்குமுகமாக மூன்று சுரம், நாள் முழுக்க. ஸுலுவில் இதன் பெயர் உபெஸுகொம்கோனோ. ‘கைமேல்’ என்று பொருள். மண்வெட்டியைக் கையில் எடு, உழவுக்காலம் வந்துவிட்டது என்று அது சொல்வதாகக் கேட்கிறார்கள். அதே மூன்று சுரத்தை ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்கள் ‘பீட்-மை-ஃப்ரோ’ என்று கேட்டார்கள். ‘பீட், என் மனைவி’. ஒரே குரல், ஒருவர் காதில் வயல் வேலை, இன்னொருவர் காதில் வீட்டுச் சண்டை! இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, குயில் கூவும்போது வழிகாட்டி கூடவே சொல்லிக் கேட்பது வேறு. ஆனால் ஜூன், ஜூலையில் போனால் இந்தக் குயில் அங்கே இருக்காது. பெயர்களுக்காகவே போகிறவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் பார்த்துக்கொள்வது நல்லது.

மரங்களில் ஏழெட்டாகச் சேர்ந்து, ஒன்று தொடங்க மற்றவை சேர்ந்து கெக்கலிக்கும் செவ்வலகு மரக்கொண்டலாத்தி இன்ஹ்லெகாபஃபாஸி. ‘ஹ்லெகா’ சிரிப்பு, ‘அபஃபாஸி’ பெண்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

காட்டில் கிடைக்காத, ஆனால் வழிகாட்டியிடம் கட்டாயம் கேட்க வேண்டிய பெயர் தரை இருவாச்சியுடையது. திறந்த புல்வெளியில் நடக்கும் பெரிய கறுப்புப் பறவை, மழையோடு சேர்த்துப் பேசப்படுவது. இதற்கு இரண்டு பெயர்: இன்ஸிங்கிஸி, இங்குடூடு. இரண்டாவது பெயர் அதன் ஆழ்ந்த முழக்கத்திலிருந்தே வந்தது. ஆணும் பெண்ணும் மாறி மாறி முழங்குவதை ஒரு குடும்பத் தகராறாகச் சொல்வார்கள். பெண்: “போறேன், போறேன், எங்க வீட்டுக்கே போறேன்.” ஆண்: “போ, போ, இதையேதான் எப்பவும் சொல்லிக்கிட்டு இருக்க.” ஸுலுவில் இதைத் தாழ்ந்த குரலில் ஏற்ற இறக்கத்தோடு சொல்ல வேண்டும், நல்ல வழிகாட்டி என்றால் சொல்லிக் காட்டுவார். கைப்பேசியில் பதிவு செய்ய அனுமதி கேட்டுவிட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு பதிவுக்கே கட்டணம் சரியாகிவிடும் என்பது எங்கள் கணக்கு.

எங்கே இடறும்? ஒரு இனத்துக்கு ஒரு பெயர் என்று எதிர்பார்க்கும் இடத்தில்தான். ஆந்தை எதுவானாலும் இஸிகோவா, கழுகு எதுவானாலும் உகோஸி என்றே முதலில் பதில் வரும். வழிகாட்டிக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். நம் ஊரிலும் தகைவிலானையும் உழவாரனையும் பிரித்துச் சொல்கிறவர் எத்தனை பேர்? “இதற்குத் தனிப் பெயர் உண்டா, பெரியவர்கள் என்ன சொல்வார்கள்?” என்று இரண்டாவது கேள்வி போட வேண்டும். இப்படிக் கேட்டால் மீன்கழுகுக்கு இன்க்வாஸி வெளியே வரும். தென்னாப்பிரிக்கக் குடியரசுத் தலைவரின் விமானத்துக்கும் அதே பெயர்தான். ட்லின்ஸாவில் கூடு கட்டும் கொண்டைக் கழுகை இஸிஹூஹ்வா என்பார்கள். பழைய பட்டியல்களில் புல்வெளியில் வாழும் போர்க்கழுகுக்கும் இதே பெயர் போட்டிருக்கும். அதைப் பிழை என்று அடிக்காதீர்கள். இரண்டு பறவையின் பெயருக்கும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் 2010களில் மொழியியலாளர்கள் அட்ரியன் கூப்மன், நோலீன் டர்னர் போன்றவர்கள் ஸுலு பேசும் பறவை வழிகாட்டிகளோடு உட்கார்ந்து பட்டறைகள் நடத்தினார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பெயர் என்று தேர்ந்தெடுத்தார்கள்; இல்லாத இடத்தில் புதிதாக ஆக்கினார்கள். தேவையான வேலைதான். ஆனால் உங்கள் வழிகாட்டி சொல்லும் பெயர் பாட்டியிடம் கேட்டதா, பட்டறையில் பிறந்ததா என்று தெரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால் குறிப்பேடு கெட்டது.

அச்சுக் கையேடுகளை மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா? ஸுலு பெயர்கள் சிலவற்றில் உண்டு, ஆனால் தேடுவது சள்ளை. ஸுலு பெயர்ச்சொற்கள் முன்னொட்டோடு வரும்; ஒருமைப் பெயர்கள் கிட்டத்தட்ட எல்லாமே இகரத்திலோ உகரத்திலோ தொடங்கும். அகரவரிசைச் சொல்லடைவில் எல்லாம் அந்த இரண்டு எழுத்திலேயே குவிந்து கிடக்கும். அகராதி பார்ப்பவர்கள் முன்னொட்டைக் கழித்துவிட்டுத் தேட வேண்டும்: டுராக்கோ என்ற பறவையின் பெயரான இக்வலக்வாலாவை ‘க்வலக்வாலா’வில், சுத்தியல் தலைப் பறவையின் பெயரான உதெக்வானேயை ‘தெக்வானே’யில். பன்மையிலும் முன்னொட்டு மாறும். இக்வலக்வாலா பலவானால் அமக்வலக்வாலா. கழுகு உகோஸி, கழுகுகள் இஸின்க்கோஸி. பன்மையைக் கேட்டுக் குறிக்காவிட்டால் வழிகாட்டி மறுநாள் கூட்டத்தைக் காட்டிச் சொல்லும்போது அது புதுப் பறவை என்று நினைத்துவிடுவோம்.

இக்வலக்வாலா பறந்தால்தான் சிறகின் சிவப்பு தெரியும். அந்தச் சிவப்பு, செம்பு கலந்த நிறமி. பக்கத்து நாடான எஸ்வாட்டினியில் அரச குடும்பத்தார் அந்த இறகைத் தலையில் சூடுவார்கள். ஆங்கிலத்தில் தென்னாப்பிரிக்கக் கையேடுகள் இதை நெடுங்காலம் ‘லூரி’ என்று சொல்லிவிட்டு 2000களில் ‘டுராக்கோ’ என்று மாற்றிக்கொண்டன. பழைய கையேடும் புதிய செயலியும் கையில் இருந்தால் குழம்புவீர்கள். ஸுலு பெயரில் அந்தத் தொல்லை இல்லை.

சில பெயர்களைச் சொல்ல வழிகாட்டி தயங்கலாம். உதெக்வானே என்ற சுத்தியல் தலைப் பறவையும் ஆந்தையும் பலருக்குத் தீச்சகுனம். ஆந்தையைச் சூனியத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். இருட்டிய பிறகு பக்கி என்னும் இரவுப் பறவை கூவும்போது கேட்கலாம். அதற்கு உஸவோலோ என்று பெயர். ‘உஸவோலோ, உன் பிள்ளைகளுக்குப் பால் கற’ என்று கூவுவதாகச் சொல்வார்கள். இது காலை நடையில் கிடைக்காது. மாலையில் ஒரு மணி நேரம் தனியாகப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பறவை எண்ணிக்கைக்காக மட்டும் போகிறவர்களுக்கு இந்தச் சேவையில் பாதிப் பணம் வீண். ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி, கோடு போட்ட நோட்டு, வழிகாட்டியோடு பேச ஓரளவு ஆங்கிலம் இருந்தால் போதும். நோட்டில் நான்கு பத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருமை, பன்மை, பெயர்க்காரணம், யாரிடம் கேட்ட பெயர். விடியும்போதே கோபுரத்தில் இருக்க வேண்டும். குழந்தை அழுவது போலக் கத்தும் இகுனாதா இருவாச்சிகள் மர உச்சிக்கு மேலே பறந்து போவதைப் பார்க்க அதுதான் இடம்.