2 மி.கி. நிகோட்டின் சூயிங்கம்: அதிகம் மெல்லாதீர்கள்

சிகரெட்டை விடுவதற்காக மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது. புதினா சுவை, 2 மில்லிகிராம். டாக்டர் சீட்டு கேட்கவில்லை.

அட்டையில் புதினா என்றுதான் போட்டிருக்கிறது. நாலு கடி கடித்ததும் மிளகு பட்ட மாதிரி தொண்டைவரை ஒரு காரம் ஏறும். உடனே மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி கொஞ்சம் கடி. இப்படியே அரை மணி நேரம். வாயின் உள்தோல் வழியாகத்தான் நிகோட்டின் ரத்தத்தில் ஏற வேண்டும். சும்மா மென்று தள்ளினால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காபி குடித்த கையோடு போட்டாலும் சரியாக ஏறாது. கால் மணி நேரம் விட வேண்டும். என்னைப் போன்ற காபி ஆசாமிக்கு இது தண்டனைதான்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நரம்பு மண்டலம் நடத்துகிறவன் என்பதால் உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். நரம்புகள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ள மூளையில் ஏற்பிகள் உண்டு. ஐந்து புரதங்கள் வட்டமாக நிற்கும், நடுவில் ஒரு துளை. அசிட்டைல்கோலின் ஒட்டினால் துளை திறந்து சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும். இவற்றில் பல, செய்தி அனுப்பும் நரம்பின் நுனியிலேயே இருப்பதால், அந்த நுனி டோபமைன், குளூட்டமேட் போன்ற மற்ற செய்திப் பொருள்களை எவ்வளவு விடுகிறது என்பதிலும் கை வைக்கின்றன. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி சட்டென உடைத்துவிடும். நிகோட்டினும் இதே ஏற்பிகளில்தான் ஒட்டும், ஆனால் அதை அந்த நொதி தொடாது. நிகோட்டின் சூழ்ந்தே கிடப்பதால் ஏற்பி மரத்துப் போகிறது. புகைப்பவர் மூளையில் ஆல்ஃபா4பீட்டா2 வகை ஏற்பிகளின் எண்ணிக்கையும் கூடிவிடுகிறது. ராத்திரி நிகோட்டின் வடிந்து, மரத்ததெல்லாம் விழித்துக்கொள்வதுதான் காலையில் சிகரெட் கேட்டு வரும் அந்த நமநமப்புக்கு ஒரு காரணம் என்கிறார்கள்.

புகை சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். சூயிங்கம் உச்சத்துக்கு வர அரை மணியாகும், அளவும் குறைவு. ஆகவே அந்த 'கிக்' கிடைக்காது. காசு தண்டம் என்று இதற்காகத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்குப் பிடித்ததே இதுதான்: நமநமப்பு அடங்குகிறது, இன்னொன்று போடு என்று மனசு பறப்பதில்லை.

அட்டையைப் பிரிப்பது மட்டும் பெரும்பாடு, நகம் போதாது. பல்செட் வைத்தவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும். இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். அப்புறம், புகையிலையை விட நினைப்பவர்களுக்கு அரசின் இலவச எண்: 1800 11 2356.